கடனின் உண்மை வட்டியை விரிதாளிற் கணித்தல்

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் விதைக்கிழங்கு, பசளை, மருந்து ஆகியவற்றிற்கு நடுகைக் காலத்திலேயே பணம் தேட வேண்டியவராவர். நுவரெலியா, கந்தப்பளை, ராகலை ஆகிய இடங்களில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் பயிரிடுவோர்க்கும், வலப்பனையில் நெல் விதைப்போர்க்கும், ஹட்டன் பகுதித் தோட்டங்களில் சிறு நிலம் கொத்துவோர்க்கும் இது பொதுவானது. விதையின் முளைதிறனைச் சோதிப்பவர் கடனின் வட்டியையும் சோதித்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டில், வறட்சி கண்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தீர்க்க அரசாங்கமே முன்வர நேர்ந்தது. சிறு கடனும் பெருஞ்சுமையாகும் என்பதற்கு இது சான்றாகும்.

விரிதாளைப் பயன்படுத்தும் முறை

எக்செல் போன்ற விரிதாள் கைத்தொலைபேசியிலும் இயங்கும். ஒரு கட்டத்திற் சமக்குறியிட்டு, சார்பின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, அடைப்பினுள் எண்களைக் காற்புள்ளியாற் பிரித்து எழுதுக. தொகையினுள்ளே காற்புள்ளி இடலாகாது. கைக்கு வரும் பணத்தை அவ்வாறே எழுதி, செலுத்தும் பணத்திற்குக் கழித்தற் குறி இடுக. விடையாக வரும் தொகையிற் கழித்தற் குறி தோன்றின், அது செலுத்த வேண்டியதாகும்.

வட்டிக்கு வட்டி

மாதம் நூற்றுக்கு 5 வட்டியில் 100,000 ரூபா பெற்று, வட்டியும் முதலுடன் சேர்வதாயின், 'எஃப், வி' என்னும் ஈரெழுத்துச் சார்பைப் பயன்படுத்துக. அடைப்பினுள் (5%,12,0,100000) என எழுத, ஓராண்டின் பின் கடன் 179,586 ரூபா எனக் காணலாம். 12 என்பதற்குப் பதிலாக 4 எனின், 121,551 ரூபா வரும். நான்கு மாத விளைச்சல் நோயினாற் பொய்த்துக் கடன் ஆண்டு முழுதும் நின்றால் வரும் இழப்பு இதனால் விளங்கும்.

எக்கடன் மலிவானது?

ஒருவர் 24 வீத வட்டியை முழு முதலுக்கும் கணித்து, 124,000 ரூபாவை 12 தவணைகளாகக் கேட்கின்றார். தவணை 10,333 ரூபா. மற்றொருவர் குறைந்து செல்லும் நிலுவைக்கு மட்டும் 30 வீதம் கேட்கின்றார். இதன் தவணையை 'பி, எம், டி' சார்பில் (2.5%,12,100000) எனக் கணித்தால் 9,749 ரூபாவே வரும். ஆண்டு முடிவில் ஏறத்தாழ 7,000 ரூபா மிஞ்சும். எனவே, 30 வீதக் கடனே மலிவானது.

காரணம் யாதெனில், முதற் கடனில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்த பின்னரும் முழு முதலுக்கும் வட்டி அறவிடப்படுகின்றது. 'ரேட்' சார்பில் (12,-10333,100000) என எழுதினால், மாத வட்டி ஏறத்தாழ மூன்றரை வீதம் எனத் தெரியும். விடை முழு எண்ணாகத் தோன்றின், தசமத் தானங்களைக் கூட்டுக. ஆண்டுக்கு இது 42 வீதத்தை அண்மிக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. வட்டி முழு முதலுக்கா, நிலுவைக்கா என ஒப்பமிடுமுன் கேட்டறிக.

2. கட்டணமாக 3,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு பணம் தந்தால், ரேட் சார்பில் 100000 என்பதற்குப் பதிலாக 97000 என எழுதுக. உண்மை வட்டி மேலும் உயரக் காணலாம்.

3. அறுவடைக்கு முன் தவணை தொடங்கினால், அதனைச் செலுத்தும் வழியை முன்னரே வகுத்துக்கொள்க.

கணித்த பின் வாங்கும் கடனே செய்கைக்குத் துணையாகும்.