ஃபோர்டு ஆலையும் நாலு கட்டமும்: ‘ஸ்வாட்’ என்றால் என்ன?

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்னு நாலு கட்டம் போட்டு நிறுவனத்தை எடைபோடுவதுதான் ‘ஸ்வாட்’. தாம்பரம் தாண்டி, மறைமலை நகர் ஃபோர்டு ஆலைக்கு அதைப் போட்டுப் பார்ப்போமா?

பலம்: கைதேர்ந்த தொழிலாளர்கள், பக்கத்திலேயே துறைமுகம். பலவீனம்: இந்தியாவில் பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2021 செப்டம்பரில் மூடல் அறிவிப்பு வந்தது. 2022-ல் உற்பத்தி நின்றது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

துறைமுகம் அங்கேயேதான் இருக்கு. தொழிலாளர்கள்? இழப்பீடு வாங்கிக்கொண்டு எப்போதோ வெளியேறிவிட்டார்கள். ஆக, பலம் கட்டத்தில் பாதி காலி. மனிதவளத் திட்டம்னா ஆள் எடுக்கும் கணக்கு மட்டும்னு பலர் நினைக்கிறாங்க. அனுப்பிய ஆட்களில் எத்தனை பேர் கூப்பிட்டால் திரும்புவார்கள் என்பதையும் அதில் எழுதணும், அதுவும் அச்சுறுத்தல் கட்டத்தில்.