காஷன் ஆர்டரும் சுற்றுச்சூழல் சட்டமும்

சித்திரபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மேற்புறம் 22 சென்ட் சரிவு நிலம் இருக்கிறது. செங்குளம் மின்திட்ட வேலைக்குப் போடியிலிருந்து மலையேறி வந்த என் தகப்பனார் வாங்கிப் போட்டது. அக்காள் பங்குக்குப் போயிற்று. ஏலச்செடியும் நாலு பலாமரமும் நிற்கும் இடம். வெளியூரில் குடும்பத்தோடு இருக்கும் அக்காள் மகன் சென்ற சித்திரையில் போனில் கூப்பிட்டான். "மாமா, ஜே.சி.பி. விட்டு ஒரு தட்டு வெட்டி ஹோம் ஸ்டே கட்டலாம்னு இருக்கேன். ஆள் வந்தா கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றான்.

சொந்தக்காரப் பையன் ஊருக்குத் திரும்பப் போகிறான் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சரிவுக்கு நேர் கீழே ஆறு வீடுகள். ஒன்று என்னுடையது. தயங்கியபடி அதைச் சொன்னேன். "ஏதாச்சும் ஆச்சுன்னா நஷ்டத்தைக் கொடுத்துடலாம் மாமா, சட்டம் அப்படித்தானே?" என்று கேட்டான். இந்தக் கேள்வி அவனுக்கு மட்டும் உரியதல்ல. ஊரில் துண்டு நிலம் வைத்துக்கொண்டு வெளியே பிழைக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வக்கீல் அல்ல. சிவில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பாதை பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்தவன். ஆயினும் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது, இது நமக்குப் பழக்கமான சங்கதியாயிற்றே என்று தோன்றியது.

அரசியல் சட்டத்தில் சுற்றுச்சூழல் நுழைந்தது 1976-ல், 42-ஆவது திருத்தத்தின் மூலம். 48-ஏ பிரிவு அதை அரசின் கடமையாக்கிற்று. 51-ஏ நம் ஒவ்வொருவரின் கடமையாக்கிற்று. 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் இவற்றை எந்தக் கொள்கையின்படி நடத்துவது என்று தெளிவாக்கிய வழக்கு நம் பாலாற்றங்கரையிலிருந்து போனது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளை அறியாதவர் இருக்க மாட்டார்கள். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அவ்வழக்கில் கூறப்பட்டது. அந்தக் கழிவுநீர் பாலாற்றிலும் வயலிலும் இறங்கியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் அன்னியச் செலாவணி ஈட்டுகிறது, பலருக்குச் சோறு போடுகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனாலும், வளர்ச்சி என்பது வருங்காலத்தவரின் பங்கைத் தின்னாத வளர்ச்சியாக இருக்கவேண்டும் என்று சொல்லி, இரண்டு கொள்கைகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது.

முதலாவது முன்னெச்சரிக்கைக் கொள்கை. பெரும் கேடு வரக்கூடும் என்றால், விஞ்ஞான ரீதியாக முழு நிரூபணம் இல்லை என்ற சாக்கில் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. ரயில்வேக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஒரு கரை இலேசாகத் தாழ்ந்தது போல் தோன்றினாலே காஷன் ஆர்டர் போட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவோம். வண்டி கவிழட்டும், பிறகு நம்புகிறேன் என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை.

இதற்குள்ளேயே இன்னொரு விஷயம் இருக்கிறது: கேடு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு, வேலையைச் செய்ய வருபவனுடையது. பாதையைப் பிரித்து வேலை செய்தால், வண்டி விடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியவர் வேலை செய்த எஞ்சினீயர்தான். பிரயாணி அல்ல. அது போல, சரிவு இடியும் என்று கீழ்வீட்டுக்காரன் நிரூபிக்க வேண்டாம்; இடியாது என்று மேலே வெட்டுகிறவன் காட்டட்டும்.

இரண்டாவது, கெடுத்தவனே செலுத்தவேண்டும் என்ற கொள்கை. பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு மட்டுமல்ல, மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் சேரும். என் மருமகன் இதைத்தான் நம்பியிருக்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை வேறு. அதே வேலூர் தோல் கழிவு விஷயத்தில், நஷ்டஈட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. 28 வருஷம்! கிணறு கெட்டபோது நாற்பது வயதாக இருந்த விவசாயியின் வயதைக் கூட்டிப் பாருங்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில், பாலக்காட்டுத் தமிழ் எல்லையில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் குறைந்து, வாயில் வைக்க முடியாமல் போயிற்று என்று 2002-ல் மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண்மணியும் ஊராரும் பந்தலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்றார். கோயில் தர்மகர்த்தா சுவாமி நகையை விற்க முடியுமா? அந்தக் கணக்குத்தான். 2005-ல் டிவிஷன் பெஞ்ச் இதை ஏற்காமல் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது வேறு கதை. 2004-ல் நின்ற ஆலை மீண்டும் ஓடவில்லை. 2010-ல் அரசுக் குழு நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டசபை 2011-ல் நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே காலமாகிவிட்டார்.

ஆகவே, இரண்டாவது கொள்கையை நம்பி முதலாவதை விட்டுவிடாதே என்று மருமகனுக்குச் சொன்னேன். பணத்தால் ஈடுகட்ட முடியாததும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கே யாரோ மலையை வெட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெருமழையில் இந்த மலை தானாகவே எப்படி வரும் என்பதற்குச் சொல்கிறேன். சரிவின் அடிக்காலை நாமும் வெட்டிவிட்டு, மேலிருந்து வரும் ஓடைக்கு வழி விடாமல், நீர்க்கண் இல்லாத ஒரு தடுப்புச்சுவரை எழுப்பினால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்தும். மண்ணோடு சுவரும் சேர்ந்து வரும்.

இத்தகைய வேலை எங்காவது நடக்கக் கண்டால் முதலில் பஞ்சாயத்திலும் வில்லேஜ் ஆபீஸிலும் எழுத்தில் கொடுங்கள். அபாயம் உடனடி என்றால் கலெக்டர் 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நிறுத்தலாம். சுற்றுச்சூழல் சம்பந்தமான பெரிய விஷயமானால் 2010-ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உண்டு. நான் மேலே சொன்ன கொள்கைகளின்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்று அதன் 20-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. கேரளத்துக்கு உரிய அமர்வு சென்னையில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் விவகாரம் எழுந்த 6 மாதத்துக்குள் போகவேண்டும். தக்க காரணம் இருந்தால் 60 நாள் சலுகை. ஊரிலிருந்து கடிதம் வரட்டும் என்று காத்திருக்கும் நமக்கு இந்தக் கெடு முக்கியம்.

மருமகன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், மண் பரிசோதனைக்கு ஆள் பார்க்கச் சொன்னான். ஐப்பசி மழை கழிந்ததும் குழி தோண்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை ஏலச்செடி அப்படியே நிற்கும். ஜே.சி.பி.க்காரர்தான் வாங்கிய முன்பணத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறார். அது மாமன் கணக்கில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.