விழாக்காலத்து மதுரையில் வழிநடக்கும் முறை

மதுரை விழா மலிந்த மூதூர் என்பதைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். மாங்குடி மருதனார் தம் மதுரைக்காஞ்சியில், நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் மக்கள் நிறைந்து ஆரவாரித்த தன்மையை விரித்துரைத்து, இந்நகரின் அகன்ற தெருக்களை ஆற்றுக்கு உவமை கூறினார். அவர் அழகு கருதிக் கூறிய அவ்வுவமையை இக்காலத்துப் பொறியியல் அறிஞர் அச்சம் கருதிக் கூறுகின்றனர். மக்கட் கூட்டம் ஓர் எல்லை வரையில் மனிதரின் தொகுதியாகவே இருக்கின்றது. அவ்வெல்லை கடந்தால் நீரின் இயல்பை எய்திவிடுகின்றது என்பது அவர்தம் ஆராய்ச்சியின் முடிபு. சித்திரைப் பெருவிழாவின்போது இந்நகரில் நடமாட வேண்டியவர்க்கு இஃது இன்றியமையாத அறிவாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. கொரோனா நோயின் காரணமாக 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் நகரில் விழாத் திரள் இல்லாமற் போயிற்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் கள்ளழகர் வைகையில் எழுந்தருளியபோது, ஈராண்டு ஏக்கமும் ஒருங்கே திரண்டாற்போல மக்கள் வந்து குவிந்தனர். அந்நெரிசலில் இருவர் உயிர் நீத்தனர், பலர் காயமுற்றனர். விடியுமுன் தரிசனத்துக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டவர் மீளாமற் போவது எத்துணைக் கொடிது! அதே ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில், இத்தேவான் என்னும் பகுதியிலுள்ள குறுகிய சரிவான சந்து ஒன்றில் நேர்ந்த நெரிசல் 159 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அவருட் பெரும்பாலோர் நம்மினும் சிறிதே மூத்த இளைஞர்.

இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன், "கூட்டம் மிரண்டு ஓடியது, ஒருவரை ஒருவர் மிதித்தனர்" என்று சொல்லுதல் நம் வழக்கம். உண்மை வேறு. கூட்ட விபத்துக்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஜான் ஃபுரூயின், அவற்றில் இறந்தாருட் பெரும்பாலோர் மிதியுண்டு இறந்திலர் என்றும், நெருக்குண்டு, மார்பு விரிய இடமின்றி, மூச்சடைத்தே இறந்தனர் என்றும் காட்டினார். நின்றவாறே இறந்தவரும் உளர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் இருவர் இருப்பின் இயல்பாக நடக்கலாம். நால்வர் இருப்பின் தோளோடு தோள் உரசும். ஐவர், அறுவர் என்னும் அளவு வந்தால், கீழே தொங்கவிட்ட கையை மேலே தூக்குதலும் அரிதாகும். எழுவர் என்னும் அளவில் தனி மனிதனின் விருப்பத்துக்கு அங்கு இடமே இல்லை. எங்கோ ஒரு மூலையில் ஒருவர் தள்ள, அத்தள்ளல் அலையாகப் பரந்து, தொலைவில் நிற்பவரை மூன்று மீட்டருக்கு மேலும் அடித்துச் செல்லும்; செருப்புக் கழன்று, கால் நிலத்திற் பாவாமல் மிதத்தலும் உண்டு. பின்னே நின்று தள்ளுகின்றவர் முன்னே நிகழ்வதை அறியார். ஆதலின் இறந்தவரையும் உடன் நின்றவரையும் அறிவிலார் என்று இகழ்தல் நேர்மையன்று. பிழை, இடத்தின் அளவிலும் வழியின் அமைப்பிலுமே பெரும்பாலும் கிடக்கின்றது.

அங்ஙனமாயின் நம் நகரின் அமைப்பு எத்தகையது? கோயிலை நடுவாகக் கொண்டு, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக இது விளங்குகின்றது. இவற்றுள் வெளி வீதிகள், 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்திற் கோட்டை மதில் தகர்க்கப்பட்டபின் எழுந்தவை; ஏனையவை பழமையானவை. தேரோட்டத்தன்று அம்மனும் சுவாமியும் எழுந்தருளிய இரு பெருந் தேர்களும் மாசி வீதி நான்கையும் சுற்றி வருகின்றன. இவ்வமைப்பின் நுட்பத்தை நோக்குக. காண விழைவார் ஓரிடத்திற் குவியவேண்டுவதில்லை. நான்கு நெடுந் தெருக்களிலும் பரந்து நின்றாற் போதும். தேர் அவரை நாடி வரும். அன்றியும், மாசி வீதியிலிருந்து உள்ளேயும் வெளியேயும் பிரியும் குறுக்குத் தெருக்கள் பல. நெருக்கம் மிகுந்தால் ஒதுங்க வழி உண்டு. பண்டைக் காலத்து நகரமைப்பாளர்க்கு நாம் தலைவணங்குதல் தகும்.

ஆயினும் தேர் நாளில் அஞ்சத்தக்க இடம் மூன்று. ஒன்று, தேருக்கு முன்னே வடம் பிடிப்போர்க்கு இடையிலுள்ள வெளி. தேரை நிறுத்துவன சக்கரத்தின்கீழ் இடப்படும் கட்டைகளே. அவற்றை இடும் தொழிலில் வல்லாரன்றிப் பிறர் அங்கு நிற்றல் கூடாது. இரண்டு, வீதி முனைகள். தேர் திரும்புங்கால் எப்பக்கம் எவ்வளவு வீசும் என்பதை நாம் கணித்தல் அரிது. மூன்று, பழைய வீடுகளின் மாடங்களும் வெயில் மறைப்புக்களும். ஐவரைத் தாங்கக் கட்டியது ஐம்பதின்மரைத் தாங்குமோ? மின்கம்பியைப் பற்றியும் ஒரு சொல். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், தஞ்சைக்கு அருகிலுள்ள களிமேட்டில், தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 பேர் மாண்டனர். தேரோ சப்பரமோ கம்பிக்கு அருகில் வருமாயின், அதனைத் தொடாமல் விலகி நிற்பதே அறிவுடைமை.

திருக்கல்யாணத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. உள்ளே செல்வார்க்கு அனுமதிச் சீட்டும் வாயில் ஒழுங்கும் உண்டு.

அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியே முற்றும் வேறுபட்டது. தேர் மக்களை நாடி வரும்; இங்கோ மக்கள் யாவரும் ஓரிடத்தை, ஒரு நாழிகையை நாடி வருகின்றனர். வடகரையார் கோரிப்பாளையத்து வழியாகவும், தென்கரையார் பாலங்களின் வழியாகவும், ஆழ்வார்புரத்தை ஒட்டிய ஆற்றுப் படுகையில் விடியுமுன்னரே வந்து நெருங்குகின்றனர். கரையிலிருந்து இறங்கும் வழிகளோ சிலவே. இறங்குவோரும் ஏறுவோரும் அவ்வழிகளிலேயே எதிர்ப்படுகின்றனர். குதிரை வாகனம் கண்ணிற் பட்டவுடன் பின்னே நிற்பவர் ஓரடி முன்வைப்பர். ஆயிரமாயிரம் பேரின் அவ்வோரடி முன்னே நிற்பவர்க்கு மலையாகும். இதுவே அபாயத்தின் தோற்றுவாய்.

இதனின்று தப்புதற்குச் சிறந்த வழி விழாவிலேயே இருக்கின்றது. அழகர் மலையிலிருந்து மதுரை வரையில் அப்பெருமாள் இருபது கிலோ மீட்டர் தொலைவு பல்லக்கில் வருகின்றார். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்குகின்றார். மூன்றுமாவடியில் எதிர்சேவை, புதூர், தல்லாகுளம், ஆற்றைக் கடந்தபின் வண்டியூர், தேனூர் மண்டபம், இராமராயர் மண்டபத்துத் தசாவதாரக் காட்சி என அவர் வீடுதோறும் வருவார்போல் வருகின்றார். ஆற்றில் ஒரு கணம் தொலைவிற் காண்பதினும் புதூர்ச் சாலையில் பத்தடித் தொலைவிற் காண்பது அன்பர்க்கு ஆறுதல் தருமென்பது என் எண்ணம். கிறிஸ்தவனாகிய நான் இதைச் சொல்லுதல் பொருந்துமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். ஆனால் முதியோரையும் கைக்குழந்தைகளையும் ஆற்றுப் படுகைக்கு அழைத்துச் செல்லாமல் வழியில் நிறுத்திக் காட்டுதல் மதுரையில் பல குடும்பங்களின் பழக்கமே.

ஆற்றுக்குச் செல்லத் துணிந்தவர், செல்லுமுன் மீளும் வழியைக் குறித்துக்கொள்க. வந்த வழியே திரும்பலாம் என்று நம்பற்க. கூட்டம் இன்னும் தளர்ந்திருக்கும்போதே, தோள் உரசத் தொடங்கிய அப்பொழுதே, விலகிவிடுக; பின்னர் விலக எண்ணினும் இயலாது. நெருக்கத்திற் சிக்கிவிட்டால் எதிர்த்து முண்டுதல் வீண். இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னே அரணாக நிறுத்துக. மூச்சுக்கு வேண்டிய இடம் அதனாற் கிடைக்கும். அலை தள்ளும்போது அதனோடு சென்று, அது தணியும் இடைவேளையில் மூலைவாட்டமாக ஓரத்தை நோக்கி நகர்க. சுவரையும் தடுப்பு வேலியையும் ஒட்டி நிற்றலாகாது; அலை வந்து மோதுமிடம் அதுவே. கீழே விழுந்த கைப்பேசிக்காகவோ செருப்புக்காகவோ குனிதல் உயிரை விலைகூறுதலாகும். கூச்சலிட்டு மூச்சை வீணாக்காதிருத்தலும் நன்று.

வைகையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் இன்னொரு தீங்கும் உண்டு. ஆற்றின் அடித்தளம் சமமானதன்று. முழங்கால் அளவில் நடந்து செல்பவன் அடுத்த அடியிற் பள்ளத்தில் ஆழ்தல் கூடும். அழகர் வேடம் பூண்டோர் பீய்ச்சும் நீரால் சாலைகளும் படிகளும் வழுக்கும்.

வெளியூரிலிருந்து வரும் மாணவர்க்குச் சில சொல்லவேண்டும். நம் கல்லூரி வடகரையில் இருத்தலின், மாட்டுத்தாவணியில் இறங்குவோர் ஆற்றைக் கடக்கவேண்டுவதில்லை. இரயில் நிலையத்திலோ ஆரப்பாளையத்திலோ இறங்குவோர் கடந்தே வரவேண்டும். ஆற்றில் இறங்கும் நாளின் விடியற்காலையில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே மூட்டை முடிச்சுடன் வர முயல்வது பேதைமை. நிலையத்திலேயே காத்திருந்து, கூட்டம் கலைந்தபின் புறப்படுதல் நலம்; அவசரமாயின் கிழக்கே குருவிக்காரன் சாலைப் பாலத்தை நாடலாம். அந்நாட்களிற் போலீசார் போக்குவரத்து வழிகளை மாற்றி முன்னரே அறிவிக்கின்றனர். அவ்வறிவிப்பைப் படியாமல் ஆட்டோக்காரரோடு வாதிடுதலால் பயனில்லை. கோரிப்பாளையத்தில் அரசு இராஜாஜி மருத்துவமனை உள்ளது. நோயாளி வண்டிக்கு வழிவிடாமல் சாலையை அடைத்து நிற்பது எத்துணைப் பெரிய விழாவிலும் மன்னிக்கத்தக்கதன்று.

பெருங் கூட்டத்தில் கைப்பேசி பல வேளைகளிற் பேசாப் பேசியாகிவிடும். ஆகவே பிரிந்தால் எங்கே கூடுவது என்பதைப் புறப்படுமுன் வாய்மொழியாகவே முடிவு செய்க. "பாலத்தருகில்" என்னாமல், இன்ன கடை வாயில் என்று சொல்லுக. சிறுவர் சட்டைப் பையில் பெற்றோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். சித்திரை வெயிலும் எளிதன்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், சென்னை மெரினாவில் வான்படைக் காட்சி காணச் சென்றவருள் ஐவர் மாண்டனர். அங்கு நெரிசலினும் வெயிலே பெரிதும் பேசப்பட்டது. தண்ணீர்ப் பந்தல்களும் நீர்மோர்ப் பந்தல்களும் மதுரையில் தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றில் நீர்மோர் வாங்கிப் பருகுவோர் அவ்விடத்திலேயே நிற்காமல், குவளையுடன் நாலடி தள்ளிச் செல்வாராயின், பின்னே வருவார்க்கு வழி கிடைக்கும்.