அழுத்துமுன் கேளுங்கள்

பினாங்கிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் உல்லாசக் கப்பல் ஒன்று பங்கோர் தீவுக்கு மேற்கே கடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்தளத்தில் நிற்கும் பையன், கீழே அறையில் இருக்கும் அம்மாவை வாக்கி டாக்கியில் கூப்பிடுகிறான். ஐந்து தளங்களுக்குக் கீழே இருக்கும் அம்மாவின் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகில், அதே அலைவரிசையில் யாராவது கருவியைத் திறந்து வைத்திருந்தால், "அம்மா, எங்க இருக்கீங்க?" என்பது அவருக்குத் தெளிவாகவே கேட்கக்கூடும்.

கடலில் வானொலி அலையைத் தடுக்க மலையும் இல்லை, மரமும் இல்லை. பூமியின் வளைவு ஒன்றுதான் எல்லை. நீர்மட்டத்துக்கு 30 மீட்டர் உயரத்தில் நிற்கும் பையனுக்கும், படகில் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் கருவிக்கும் இடையே கணக்குப்படி ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வரை வழி திறந்தே கிடக்கிறது. கீழே இருக்கும் அம்மாவுக்கோ ஒவ்வொரு தளமும் ஓர் எஃகுச் சுவர். எஃகில் மோதும் அலை அதன் மேற்பரப்பிலேயே மின்னோட்டமாக மாறித் திரும்பிவிடுகிறது. ஜன்னல், கதவு, படிக்கட்டு என்று திறந்திருக்கும் வழியில் நுழைந்தால்தான் உண்டு. அதனால்தான் கப்பலுக்குக் கப்பல் பேச 156.8 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளும் (16ஆம் சேனல் என்று மாலுமிகள் சொல்வது இதைத்தான்), கப்பலுக்குள்ளே ஊழியர்கள் பேசிக்கொள்ள 457, 467 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளும் உலகம் முழுக்கப் பொதுவாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முதலாவதன் அலைநீளம் கிட்டத்தட்ட 2 மீட்டர். இரண்டாவதன் அலைநீளம் சுமார் 65 சென்டிமீட்டர். குறுகிய அலை கதவு, ஜன்னல் வழியாக எளிதாக நுழைந்து தாழ்வாரங்களில் மோதி மோதி முன்னேறும்.

ஈப்போக்காரர்கள் இதைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் போதும். வெட்டவெளியில் மூன்று நான்கு கிலோமீட்டர் எட்டும் கருவி, குனோங் ராப்பாட்டின் மறுபக்கம் போனதும் இரைச்சலாகிவிடும். ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனையாக மாறிவிட்ட இடங்களில் இன்னொரு தடை உண்டு. பனையோலையில் நீர் இருக்கிறது. நீர் இந்த அலைகளை உறிஞ்சும். மழை பெய்து ஓலை நனைந்தால் எட்டும் தூரம் இன்னும் குறையும். கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'முப்பது கிலோமீட்டர்' மலையுச்சிக்கும் மலையுச்சிக்கும் இடையிலானது. தோட்டத்து லயத்துக்கும் ஸ்டோருக்கும் இடையிலானது இல்லை.

ஆக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் போகலாம், எங்கோ இருப்பவருக்குக் கேட்கலாம். நம் குரல் யார் காதில் விழுகிறது என்பது நமக்குத் தெரியாது. வாக்கி டாக்கி மரியாதைகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அமெரிக்காவில் குடும்பங்கள் உல்லாசப் பயணத்துக்கு எடுத்துச் செல்லும் சிறு வாக்கி டாக்கிகளில் ஒரு சேனல் 467.5625 மெகாஹெர்ட்ஸ். கப்பல் ஊழியர்களுக்கான மேல் பகுதி 467.5125இல் தொடங்கி 467.5875இல் முடிகிறது. நம் பையன் கையில் இருப்பது அத்தகைய கருவியென்றால், அவன் பேச்சு நேராக அதன் நடுவில் போய் விழும். கப்பல் கரையணையும் நேரத்தில் இது விளையாட்டு இல்லை. முன்முனையிலும் பின்முனையிலும் கயிற்றோடு நிற்பவர்களுக்குக் கண்ணால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. "இழு", "தளர்த்து" என்ற உத்தரவு கருவி வழியாகத்தான் வருகிறது. முறுக்கேறிய கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வந்து ஆளையே அடித்துக் கொல்லும். அந்த ஓர் உத்தரவுக்கு மேல் "ஐஸ்கிரீம் கடை எந்தத் தளம்?" என்ற கேள்வி வந்து விழுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலேசியாவில் பொதுமக்கள் தனி உரிமம் இல்லாமல் பேச ஒதுக்கியிருப்பது 477 மெகாஹெர்ட்ஸ் பகுதி. 477.0125 முதல் 477.4875 வரை 39 சேனல்கள். இங்கே சட்டப்படி வாங்கிய அதே கருவியை நியூயார்க்கில் திறந்தால், காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஒதுக்கிய பகுதிக்குள் நுழைந்தவர்களாவோம். கப்பல் எல்லை தாண்டினால் நம் பைக்குள் இருக்கும் கருவியின் சட்டமும் மாறுகிறது. பயணிகள் வாக்கி டாக்கி கொண்டுவரலாமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. கேட்டுவிட்டு எடுத்துப் போவதுதான் முறை.

சரி, ஒருவர் பேசும்போது மற்றவர் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாமே?

கருவியின் ஆண்டெனா ஒன்றே ஒன்று. பேசும்போது அதிலிருந்து 5 வாட் வரை வெளியே போகிறது. கேட்கும்போது அதே ஆண்டெனா பிடிக்கும் பலவீனமான அலையின் வலிமை, ஒரு வாட்டை ஆயிரம் லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அளவுக்கும் இறங்கக்கூடும். அதாவது 1க்குப் பின்னால் 15 பூஜ்யம். தேர் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எறும்பின் காலடியைக் கேட்க முயல்வதுபோல. அதனால் பொத்தானை அழுத்தியதும் கருவி தன் காதை முழுவதுமாக மூடிக்கொள்கிறது. அழுத்தியிருக்கும் வரை நாம் செவிடர்கள். அவசரமாக யாராவது கூப்பிட்டாலும் தெரியாது. பேசி முடித்ததை "ஓவர்" என்று சொல்லி அறிவிப்பதும், நீளமாகப் பேச வேண்டியதைத் துண்டு துண்டாகப் பேசி நடுவில் விரலை எடுப்பதும் இதனால்தான்.

இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் நடப்பது இன்னும் விநோதம். வாக்கி டாக்கிகள் பெரும்பாலும் எப்.எம். முறையில் வேலை செய்கின்றன. இந்த முறையில் வலிமையான அலை பலவீனமான அலையைச் சுத்தமாக விழுங்கிவிடும். இரண்டு குரல் கலந்து கேட்காது. ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். மற்றவர் பேசியதற்கு அடையாளமே இருக்காது. பக்கத்தில் நின்று வெட்டிப் பேச்சுப் பேசுபவர், தூரத்தில் காலொடிந்து கிடப்பவரின் குரலை அழித்துவிடலாம். அது அழிந்தது என்பது யாருக்கும் தெரியவராது. விமானங்களில் இன்றும் பழைய ஏ.எம். முறையையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏ.எம்.மில் இருவர் மோதினால் 'கீய்' என்று ஒரு சத்தம் எழும். என்ன சொன்னார்கள் என்பது புரியாவிட்டாலும், இருவர் பேசினார்கள் என்பதாவது தெரியும்.

அந்தச் சத்தம் எழுந்தும் பேரழிவு நடந்த நாள் ஒன்று உண்டு. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையம். ஓடுபாதையில் கடும் மூடுபனி. கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. 'காத்திருங்கள்' என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன அதே நொடியில், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பான் அமெரிக்கன் விமானமும் சொன்னது. இரண்டும் மோதி, கே.எல்.எம். விமானிகளின் காதில் ஒரு கீச்சொலியாகவே விழுந்தன. 583 பேர் மாண்டார்கள். மூடுபனி, அவசரம், தெளிவில்லாத சொற்கள் என்று காரணங்கள் பல கூடிய விபத்து அது. ஆனால் அந்தச் சில நொடிகளில் ஒருவர் மட்டும் பேசியிருந்தால் எச்சரிக்கை காதில் விழுந்திருக்கும்.

கடலில் இந்தப் பாடம் அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது, அதுவும் ஒரு சொகுசுக் கப்பலில். 1912 ஏப்ரல் 14 இரவு, பனிப்பாறைகளுக்கு நடுவே நின்றுவிட்ட 'கலிபோர்னியன்' கப்பலின் தந்தியாளர் சிரில் எவன்ஸ், பக்கத்தில் வந்துகொண்டிருந்த டைட்டானிக்குக்குப் பனிக்கட்டிச் செய்தியை அனுப்பினார். டைட்டானிக்கின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ் அப்போது தொலைவில் இருந்த கரை நிலையத்தோடு, பயணிகளின் சொந்தச் செய்திகளை மும்முரமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கப்பலின் அலை அவர் காதைப் பிளந்து, கரையின் மெல்லிய ஒலியை மூழ்கடித்தது. 'வாயை மூடு, வேலையாக இருக்கிறேன்' என்று பதில் போனது. எவன்ஸ் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கருவியை நிறுத்திப் படுக்கப் போனார். சற்று நேரத்தில், 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். அருகில் இருந்த கப்பலில் அபயக்குரலைக் கேட்க ஆளில்லை.

அதன் பிறகு கடல் வானொலியில் வந்த பழக்கங்களில் என்னை மிகவும் கவர்ந்தது மௌன நேரம். 500 கிலோஹெர்ட்ஸ் தந்தி அலைவரிசையில் ஒவ்வொரு மணியிலும் 15ஆவது நிமிடத்தில் மூன்று நிமிடம், 45ஆவது நிமிடத்தில் மூன்று நிமிடம் யாரும் எதுவும் அனுப்பக்கூடாது. கேட்க மட்டும் வேண்டும். பேச்சுக்கான 2182 கிலோஹெர்ட்ஸில் மணி பிறந்ததும் மூன்று நிமிடம், அரைமணியில் மூன்று நிமிடம். கப்பலின் வானொலி அறைக் கடிகாரத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பூசியிருப்பார்கள். எங்கோ ஒரு சிறு படகின் பேட்டரி தீரும் நிலையில் இருக்கலாம். அதன் முனகல் கேட்பதற்காகக் கடல் முழுவதும் மௌனம் காத்தது. 1999இல் செயற்கைக்கோளையும் இலக்க முறை அழைப்பையும் நம்பிய புதிய ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை இது நீடித்தது. மனிதர்கள் கூடி உருவாக்கிய ஒழுங்குகளில் இதைவிட அழகான ஒன்றை நான் அறிந்ததில்லை.

கையடக்கக் கருவிக்கு வருவோம். பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் பேசத் தொடங்கினால் முதல் எழுத்துகள் காணாமல் போகும். அனுப்பும் கருவி அலையைச் சரியான இடத்தில் நிலைநிறுத்த வேண்டும், பெறும் கருவி அதை உணர்ந்து ஒலிபெருக்கியைத் திறக்க வேண்டும். இதற்குக் கால் நொடியாவது பிடிக்கும். எனவே அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, முதலில் யாரை அழைக்கிறோமோ அவர் பெயரையும் பிறகு நம் பெயரையும் சொல்ல வேண்டும். "முருகன் அண்ணே, முருகன் அண்ணே, தேரடியிலிருந்து செல்வி." பெயரில் ஓர் எழுத்துப் போனாலும் மோசமில்லை.

முடிவில் விரலைச் சீக்கிரம் எடுப்பதுதான் மோசம், அதிலும் தமிழில் பேசுபவர்களுக்கு. நம் வாக்கியத்தில் வினையும் மறுப்பும் கடைசியில்தான் வருகின்றன. "தேரை இப்ப நகர்த்த வேண்டாம்" என்பதில் கடைசிச் சொல் அறுந்தால் "தேரை இப்ப நகர்த்த" என்றுதான் எதிர்ப்பக்கம் கேட்கும். "இறங்காதீங்க" என்பது "இறங்..." என்று நின்றுவிடும். பேசி முடித்து அரை நொடி கழித்தே விரலை எடுங்கள். முக்கியமான இடத்தில் "வேண்டாம்" என்பதைத் தனியாக இன்னொரு முறை சொல்லுங்கள். கேட்டவரும் "நகர்த்தலை, நிக்கிறோம்" என்று திருப்பிச் சொல்லட்டும்.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரும் வழியில் நின்று பார்த்தால் இந்த ஒழுங்கின் அருமை தெரியும். உறுமி மேளம் அதிர்கிறது, காவடிகள் ஆடி வருகின்றன, பின்னால் செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை. இந்தச் சத்தத்தில் வாக்கி டாக்கி வைத்திருப்பவருக்குத் தோன்றும் முதல் எண்ணம் கத்துவது. கத்துவதால் தூரம் கூடாது. எப்.எம்.மில் குரலின் வலிமை, அலை எத்தனை தூரம் போகும் என்பதை மாற்றுவதில்லை. அலைவரிசையைச் சற்று அப்படியும் இப்படியும் ஆட்டுகிறது, அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. கத்தினால் எல்லையில் முட்டி, குரல் நறுக்கப்பட்டுச் சொற்கள் கரகரப்பாகின்றன. மைக்கை வாயிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்து, உள்ளங்கையால் மேளச் சத்தத்தை மறைத்து, சாதாரணக் குரலில் நிதானமாகப் பேசுபவரின் சொற்களே போய்ச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருவியின் மெனுவில் 'பிரைவசி கோட்' என்று இருக்கிறதே, அது எதையும் ரகசியமாக்குவதில்லை. நம் குரலோடு ஒரு தாழ்ந்த ஒலியைச் சேர்த்து அனுப்புகிறது. அந்த ஒலி இல்லாத பேச்சுகளை நம் ஒலிபெருக்கி வாய்விட்டுச் சொல்லாது. ஆனால் நாம் பேசுவது, கோடு போடாமல் அந்தச் சேனலில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். இதில் இரண்டு ஆபத்து. மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பது தெரியாமல் அவர்கள் பேச்சின் மேல் நாம் பொத்தானை அழுத்துவோம். யாரும் இல்லை என்று நம்பி, கப்பல் அறை எண்ணையும் எத்தனை மணிக்கு அறை காலியாக இருக்கும் என்பதையும் சொல்வோம்.

கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பேராக் மண் அறியும். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், ஈப்போவுக்குத் தென்மேற்கே பாப்பான் என்ற சிற்றூரில் மருந்தகம் நடத்திய சிபில் கார்த்திகேசு, தடையை மீறி ஒரு சிற்றலை வானொலியை மறைத்து வைத்து லண்டன் செய்திகளைக் கேட்டார். காயம்பட்ட கெரில்லாக்களுக்கு மருத்துவமும் செய்தார். 1943இல் கைதாகிக் கடும் சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். அந்தக் காயங்களின் விளைவாகவே 1948இல் இறந்தார். அவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்தவற்றில் ஒன்று, காதைத் திறந்து வைத்தது. இன்று கடையில் சில பத்து ரிங்கிட்டுக்கு ஒரு கருவி வாங்குகிறோம், அதை வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

பள்ளி விடுமுறைக்குக் கப்பல் பயணம் போகிறவர்களும், கோயில் தொண்டுக்கு வாக்கி டாக்கி எடுப்பவர்களும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். கருவியைத் திறந்ததும் பிரைவசி கோடை அணைத்துவிட்டு, சேனலில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு நிமிடமாவது கேட்கட்டும். இருந்தால் வேறு சேனலுக்குப் போகட்டும். பெயர் சொல்லி அழைத்து, வேலையை மட்டும் பேசி, விரலை எடுக்கட்டும். கருவியைப் பின் பையில் போட்டு மேலே உட்கார வேண்டாம். பொத்தான் அழுந்தியபடியே இருந்தால் அந்தச் சேனலில் வேறு ஒருவரும் பேச முடியாது.