விசைக்கும் ஓர் அளவுண்டு

பாய்மரப் படகில் சிறு இயந்திரம் எதற்கு? காற்று ஓய்ந்த வேளையில் கரை சேர்வதற்கே. ஆகவே எரிபொருள் தீருமுன் துறைமுகம் சேர்க்கும் வேகமே ஏற்ற வேகம்.

வேகம் கூடக் கூட, படகு எழுப்பும் அலையும் நீள்கிறது. அலை படகின் நீளத்தை எட்டியதும், படகு தன் அலைமேட்டிலேயே ஏற முயன்று விசையை வீணாக்குகிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு இவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 6.7 கடல் மைல். 5 கடல் மைலில் சென்றால் எரிபொருள் பெரிதும் மிச்சமாகும்.

அமைதியான நீரில் இயந்திரத்தின் சுழற்சியைப் படிப்படியாகக் கூட்டுக. ஒவ்வொரு படியிலும் நீரோட்டத்தோடும், அதற்கு எதிராகவும் சென்று, இரு வேகங்களின் சராசரியைக் குறித்துக்கொள்க. சுழற்சி கூடியும் வேகம் அதிகம் கூடாத நிலை தென்படும். அதற்குச் சற்றுக் கீழே நிற்பதே விவேகம்.

இவ்வலைத் தடையை, டார்க்கி நகரில் அமைத்த நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்து ஆராய்ந்தவர் ஆங்கிலேயரான வில்லியம் ஃபுரூட் (1810–1879). 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமனின் நண்பர் இவர். விசுவாசத்தைக் குறித்து இருவரும் பல்லாண்டுகள் கடிதவழி உரையாடினர். ஃபுரூட்டின் ஐயம் தீரவில்லை, நட்பும் குறையவில்லை.

படைத்தவர் நீருக்கும் நியதி வகுத்துள்ளார். அதையறிந்து மிதமாய்ச் செல்பவனே வீடு சேர்கிறான்.