கோபாலன் கைவிட்ட ஒலிம்பிக்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தருகே காலைநடையில் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, பையனுக்குப் பன்னிரண்டு வயசு. ஹாக்கி, கிரிக்கெட் ரெண்டும் ஆடுறான். ஒண்ணை விட்டுடணும்னு பயிற்சியாளர் சொல்றார். எதை விடலாம்?"

பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். ஒன்றைத் தேர்வதால் நாம் இழக்கும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பே அது. எனக்கு எம்.ஜே. கோபாலன் நினைவுக்கு வந்தார்.

செங்கல்பட்டு வட்டாரத்து மொறப்பாக்கத்தில் 1909-இல் பிறந்த கோபாலன், 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே. 1935-இல் தியான் சந்த் தலைமையிலான ஹாக்கி அணியுடன் நியூசிலாந்து சென்றார்.

இங்கிலாந்தின் சி.பி. ஃபிரை கால்பந்து, கிரிக்கெட் இரண்டிலும் தம் நாட்டுக்காக ஆடியவர். அங்கே கால்பந்து குளிர்காலத்துக்கும் கிரிக்கெட் கோடைக்கும் உரியவை. பருவமே ஆட்டங்களைப் பிரித்துக் கொடுத்தது. கோபாலனுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணமும் ஒரே கோடையில் வந்தன. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கு நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் கொண்டுவந்தது. கல்கத்தா ஆட்டமே அவருடைய ஒரே டெஸ்டாக நின்றுவிட்டது.

முடிவு தெரிந்த பிறகு அவரைக் குறைசொல்வது எளிது. வாய்ப்புச் செலவைத் தேர்வு செய்யும் தருணத்து எதிர்பார்ப்பைக் கொண்டே அளக்க வேண்டும். பின்னர் வந்த பதக்கத்தைக் கொண்டு அன்று. மேலும், ஆட்டம் அவருக்குப் பிழைப்பும் அன்று. பர்மா ஷெல் நிறுவன வேலை சோறு போட்டது. இழப்பு பெரிதெனினும் வாழ்வு கவிழவில்லை. பின்னாளில் தேசியத் தேர்வாளரானார். சென்னை–இலங்கை அணிகள் மோதிய கோப்பைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: கோபாலன் தேர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய 27 வயது. இரண்டு ஆட்டங்களிலும் நாட்டுக்காக ஆடிப்பார்த்திருந்தார். அத்தனை அறிந்தும் கணக்குத் தவறியது. ஒன்றுமே அறியாத 12 வயதில் உங்கள் மகனை ஏன் கணக்குப் போடச் சொல்கிறீர்கள்? தேர்வைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு மதிப்புண்டு. இரண்டையும் ஆடட்டும்.