பெரிய டயர் போட்டால் எரிபொருள் மிச்சமா?

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்கினால், நிலையத்துக்கு வெளியே மஞ்சள் டாக்ஸி நிற்கும். அவற்றில் பழையவைதான் அம்பாசடர். ஹவுராவுக்கு வடக்கே, அதே ஹூக்ளி ஆற்றங்கரை ஊரான உத்தர்பாராவில் செய்யப்பட்ட கார். 2014-இல் அங்கே தயாரிப்பு நின்றது.

நிற்கும் அம்பாசடரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சின் நடுவே, பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. சின்னது பினியன், பெரியது கிரவுன். எஞ்சினிலிருந்து வரும் தண்டு பினியனைச் சுழற்றும், பினியன் கிரவுனைச் சுழற்றும், கிரவுன் சக்கரங்களைச் சுழற்றும்.

பினியனில் 10 பல், கிரவுனில் 47 பல் என்று வைத்துக்கொள்வோம். பினியன் 4.7 சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். இதுதான் அச்சு விகிதம். வேகம் 4.7 மடங்கு குறையும், சுழற்றும் வலு ஏறக்குறைய அதே மடங்கு கூடும்.

இந்த 4.7 பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளின் விகிதம். ஹவுராவில் ரயிலேறி நியூ ஜல்பாய்குரியில் இறங்கி மலையேறினால் மானேபஞ்சங் என்ற ஊர் வரும். அங்கிருந்து சுமார் 31 கிலோமீட்டரில், 3,636 மீட்டர் உயரத்தில், மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூ இருக்கிறது. 1950-களில் பிரிட்டனில் செய்த லேண்ட் ரோவர்கள் அந்தக் கல்பாதையில் பல்லாண்டுகள் ஆட்களை ஏற்றிச் சென்றன. நிதானமாகப் போனாலும் வலுவாக இழுக்க வேண்டிய பாதை அது.

கல்பாதையில் அந்தப் பூசணிக்காய்தான் முதலில் இடிபடும். அதனால்தான் பலரும் பெரிய டயர் மாட்டுகிறார்கள். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரைக் கழற்றி 77 சென்டிமீட்டர் டயர் போட்டால், பூசணிக்காய் 3.5 சென்டிமீட்டர் மேலே போகும். எரிபொருள் என்ன ஆகும்?

முதலில் தூரம் காட்டும் மீட்டரைக் கவனியுங்கள். 70 செ.மீ. டயர் ஒரு சுற்றுக்கு 220 செ.மீ. போகும். 77 செ.மீ. டயர் 242 செ.மீ. போகும். மீட்டருக்குச் சுற்றுகளை எண்ணத்தான் தெரியும், டயர் மாறியது தெரியாது. அது 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 110 போயிருக்கும். 10 லிட்டர் செலவாகியிருந்தால், மீட்டர் கணக்குப்படி லிட்டருக்கு 10 கிலோமீட்டர், உண்மையில் 11. கணக்கைத் திருத்தாமல் மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

ஆனால் பெரிய டயருக்கு வேறு செலவு உண்டு. அது கனமானது, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அதைச் சுழற்றிவிட எஞ்சின் கூடுதலாக உழைக்கும். தடித்த ரப்பர் கட்டைகள் தரையில் அமுங்கி எழும்போது கொஞ்சம் சக்தி சூடாகிப் போகும். உயர்ந்த வண்டியைக் காற்றும் அதிகம் தடுக்கும்.

இன்னொன்று, டயர் பெரிதானால் 4.7 விகிதம் 4.27 போல வேலை செய்யும். சமவெளிச் சாலையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றி நிம்மதியாக ஓடும். நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்காகவே பழைய லேண்ட் ரோவரில் ரேஞ்ச் ரோவரின் 3.54 விகிதத்தை மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. ஏற்றத்திலோ வலு போதாது. ஓட்டுநர் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்துவார்.

இதற்கு மெக்கானிக்குகள் கிரவுனையும் பினியனையும் மாற்றுவார்கள். 4.7-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 5.17. அதையொட்டிய விகிதத்தைப் போட்டால் இழுவை பழையபடி திரும்பும். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து சுற்றை எண்ணும் பழைய மீட்டரும் மறுபடி சரியாகக் காட்டும். டயரின் எடை மட்டும் போகாது, அதற்கு எரிபொருள் கொடுத்தே ஆக வேண்டும். பாதைக்கு ஏற்ற டயர், டயருக்கு ஏற்ற விகிதம்: இரண்டும் பொருந்தினால்தான் மிச்சம்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். உங்கள் சைக்கிள் டயரிலும் தம்பியின் சின்ன சைக்கிள் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரண்டையும் ஒரே ஒரு சுற்று உருட்டித் தரையை அளந்து பாருங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்தக் கணக்கு முழுவதும் இருக்கிறது.